செத்த மெஷினில் எது பிழைத்திருக்கும்?

ரங்கூன் நடுநகரத்தின் ஆறு மாடிக் கட்டடங்களில் தண்ணீர் மோட்டார் நின்றால் குடித்தனமே நின்றது போலத்தான். லிஃப்ட் கிடையாது. குழாய்த் தண்ணீர் தானாக மேலே ஏறாது. வீட்டுக்கு வீடு தனி மோட்டார், தனிக் குழாய். கரண்ட் வந்ததும் பிள்ளைகள் ‘மீ லா ப்யீ’ (கரண்ட் வந்துடுச்சு) என்று கத்தி முடிப்பதற்குள் தெருவில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமத் தொடங்கும். அந்த நேரத்தில் தன் வீட்டு மோட்டார் மட்டும் முனகிவிட்டு நின்றால் மனிதர் என்ன செய்வார்? புதுசு வாங்கலாம். இல்லையென்றால் ஏதாவது பழைய மெஷினில் இருந்து பாகத்தைக் கழற்றிப் போட்டு ஓட்டலாம். இப்போது இரண்டாவது வழிதான் பலருக்கும் கட்டுப்படியாகிறது.

காரணம் கஞ்சத்தனம் அல்ல. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,300 சொச்சம் கியாட். 2024இல் வெளிச்சந்தையில் அது 4,000ஐத் தாண்டி மேலே போனது. சம்பளம் அப்படி ஏறவில்லை. இறக்குமதி உரிமம், அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு என்று 2022 முதல் வேறு இறுக்கங்களும் சேர்ந்தன. மெஷின் விலை எட்டாத உயரத்துக்குப் போன அதே வருடங்களில்தான் மெஷின்களைக் கொல்லும் கரண்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது என்று ஒரு முறை வைத்தார்கள். கோடையில் அணையில் தண்ணீர் வற்றியதும் அந்தக் கணக்கும் தவறியது.

பழைய பாகத்தில் காலம் தள்ளுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தங்கியவர்களுக்கு வாய்த்தது இறக்குமதி அருகிப்போன ஒரு நாடு. இரண்டாம் உலகப் போருக்கு வந்த செவர்லே ராணுவ லாரிகளின் மேல் மரக்கூடு கட்டி ரங்கூனில் பஸ்ஸாக விட்டார்கள். அவற்றில் சில 2000ஆம் ஆண்டு கடந்த பின்பும் ஓடின. உள்ளே எஞ்சின் எத்தனை முறை மாறியிருக்கும் என்பது ஓட்டுநருக்கே வெளிச்சம்.

வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1954இல் கையெழுத்தான போர் இழப்பீட்டு ஒப்பந்தப்படி ஜப்பான் பர்மாவுக்கு 20 கோடி டாலர் மதிப்பில் பொருளும் சேவையும் தர வேண்டியிருந்தது. லாபிட்டா அருவியருகே 1960இல் ஓடத் தொடங்கிய பலூச்சாங் நீர்மின் நிலையம் அந்தக் கணக்கில் வந்ததுதான். ஹினோ லாரி, மஸ்தா சிறுவண்டி, குபோட்டா விவசாயக் கருவி, மட்சுஷிட்டா மின்சாதனம் ஆகிய நான்கையும் இங்கேயே பூட்டித் தயாரிக்கும் தொழில்களும் அதையொட்டி வந்தன. ஊரெல்லாம் ஒரே மாதிரி மின்விசிறியும் ஒரே மாதிரி ரேடியோவும் இருந்தால் வேலை சுலபம். ஒன்றில் கழற்றியது இன்னொன்றில் அச்சாக உட்காரும். அந்தக் காலத்து மெக்கானிக் பாகத்தை உருவம் பார்த்தே எடுத்தார்.

இன்று அந்த வித்தை எடுபடாது. சீனச் சரக்கு, தாய்லாந்துச் சரக்கு, கண்டெய்னரில் வரும் ஜப்பான் பழைய சாமான் என்று ஒரே வீட்டில் மூன்று உலகம். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளை போல இருக்கும் இரண்டு பாகங்களில் ஒன்று 100 வோல்ட்டுக்கும் மற்றது 230 வோல்ட்டுக்கும் செய்ததாக இருக்கும். ஆகவே உருவத்தைவிட மேலே அச்சடித்த எண்ணுக்குத்தான் மதிப்பு. எண்ணைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

பழைய பாகம் வாங்கப் போகிறவர்கள் “எத்தனை வருஷம் ஓடினது?” என்று கேட்பார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, “பாய், இந்த மெஷின் எதனால போச்சு?” என்பதுதான். “கழட்டி வந்ததும்மா, தெரியாது” என்று பதில் வந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். செத்த காரணம் தெரிந்தால் அதில் எது பிழைத்திருக்கும் என்று கணக்குப் போட முடியும். காரணம் தெரியாவிட்டால் சூதாட்டம்.

திரை உடைந்த டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை ரிமோட்டை எறிந்து கண்ணாடி விரிந்திருக்கும். அதுவரை அந்த டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த விரிசலே சாட்சி. பவர் போர்டு, ஸ்பீக்கர், பின்னால் உள்ள எல்இடி பட்டைகள் எல்லாம் உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதே மாடல் டிவி வேறொரு வீட்டில் சத்தம் வந்து படம் இருண்டு கிடந்தால் பெரும்பாலும் பின்விளக்குதான் போயிருக்கும். பல்புகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலே மொத்தப் பட்டையும் அணையும். இரண்டு டிவியைச் சேர்த்து ஒன்றை எழுப்பலாம். ஆனால் பட்டை மாற்றும்போது ஒரு பல்பு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும், முடிந்தால் முழு வரிசையையும் மாற்றிவிட வேண்டும். புதுசும் பழசும் கலந்தால் திரையில் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழும்.

கம்ப்ரசர் போன ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட், விசிறி, கதவு ரப்பர், கண்ணாடித் தட்டு எல்லாம் நல்ல சரக்கு. போர்டு எரிந்த வாஷிங் மெஷினில் மோட்டாரும் தண்ணீர் வெளியேற்றும் பம்பும் நல்ல சரக்கு. வெள்ளத்தில் மூழ்கிய மெஷின் மட்டும் வேறு சாதி. 2024 செப்டம்பரில் யாகி புயல் மழையில் நேப்பிடோ, பெகு பக்கமெல்லாம் வீடுகள் முங்கின. அப்படி முங்கி எழுந்த மெஷினைத் துடைத்துக் காயவைத்தால் பளிச்சென்றுதான் இருக்கும். பேரிங்குக்குள்ளும் போர்டின் கால்களுக்கு அடியிலும் புகுந்த சேற்றுநீர் மெதுவாக வேலையைக் காட்டும். திருகாணியின் பள்ளத்திலும் மூலைகளிலும் காய்ந்த மண் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

சரி, ரங்கூன் கரண்ட் எப்படிக் கொல்கிறது? இரண்டு விதமாக. மாலையில் எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்து வீடுகளில் வோல்ட் வெகுவாக இறங்கிவிடும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோ கிளம்ப முடியாமல் நின்ற இடத்திலேயே கரண்டை இழுத்துச் சூடாகும். பாதுகாப்பு சுவிட்ச் டக் டக்கென்று விழுந்து எழுந்து, ஒருநாள் அதுவும் கைவிட்டால் மோட்டாருக்குள் கம்பி சுற்றிய ‘காயில்’ போய்விடும். கரண்ட் போன உடனே திரும்பி வந்தாலும் இதே கதைதான். உள்ளே வாயு அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் கிளம்பச் சொன்னால் கம்ப்ரசர் திணறும். இங்கே எல்லார் வீட்டிலும் ‘சேஃப்கார்டு’ என்று ஒரு டப்பா ஃபிரிட்ஜுக்கு முன்னால் இருப்பது, சில நிமிடம் தாமதித்துக் கரண்ட் விடுவதற்காகத்தான். இது மோட்டார்களைக் கொல்லும் வழி. கரண்ட் திரும்பி வரும் நொடியில் எகிறும் வோல்ட் போர்டுகளைக் கொல்லும் வழி. ஆகவே ‘கரண்ட் வந்ததும் செத்தது’ என்று சொல்லப்படும் மெஷினில் போர்டைச் சந்தேகப்படுங்கள், மோட்டாரை நம்பலாம். ‘நாளாக நாளாகச் சத்தம் போட்டு, சூடாகி நின்றது’ என்றால் தலைகீழ்.

முனகி நின்ற தண்ணீர் மோட்டாருக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க விசிறி மூடியைத் திறந்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே துரு பிடித்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மெல்ல இரண்டு பக்கமும் அசைத்தால் பல சமயம் விடும். சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் முனகல் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் பழுது. அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு இருக்கும். வோல்ட் எகிறும்போது படலம் ஓர் இடத்தில் பொத்துப்போனால் அந்தப் புள்ளியைச் சுற்றிய பூச்சு ஆவியாகி, பழுது அங்கேயே அடைபடும். தப்பித்தது, ஆனால் கொஞ்சம் பரப்பு குறைந்தது. இப்படிக் குறைந்து குறைந்து 16 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருப்பது 10க்கு வந்திருக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது.

அதனால் பழைய கெபாசிட்டரைக் கண்ணால் பார்த்து வாங்குவது வீண். கெபாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும், இந்தத் தொழிலில் பாதி கற்ற மாதிரி. அளப்பதற்கு முன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பல்பையோ ரெசிஸ்டரையோ வைத்துச் சேமித்த மின்னை வடித்துவிட வேண்டும். எழுதிய அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் வேண்டாம். சரியான அளவு கிடைக்காவிட்டால் 8, 8 என்று இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 16. இரண்டிலும் 450 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். பெரியதாகப் போட்டால் வலுவாகச் சுற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு, காயில்தான் சூடாகும். போர்டுகளில் நிற்கும் சிறிய உருளைக் கெபாசிட்டர் வேறு இனம், அதற்குள் திரவம் இருக்கிறது. சும்மா கிடந்தாலும் உலரும், பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். ஏப்ரல் மாத ரங்கூனில் மூடிய பெட்டிக்குள் வருடக்கணக்கில் வெந்ததைக் கழற்றி இன்னொன்றில் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதைப் புதிதாகவே வாங்குங்கள், விலையும் பெரிதல்ல.

பேரிங்கும் அப்படித்தான். ஷாஃப்டில் இறுகியிருப்பதை வெளி வளையத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றும்போதே உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழுந்துவிடும். 6202, 6203 போன்ற எண்கள் உலகம் முழுக்க ஒரே அளவு, எந்தக் கடையிலும் புதுசு கிடைக்கும். தண்ணீர் சீலும் பழசு கூடாது, அதன் இரண்டு முகமும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. இன்னொரு மோட்டாரில் பெரும்பாலும் ஒழுகும். பித்தளை இம்பெல்லர், இரும்புக் கூடு, விசிறி மூடி எல்லாம் தாராளமாகப் பழசு போடலாம்.

இப்போது ஜப்பான் சாமான். சோறு வேகவைக்கும் குக்கர், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் என்று நடைபாதைக் கடை வரை வந்து குவிகிறது. தரம் நல்லது, விலை மலிவு, ஒரே குறை 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் பல ஒரே காயிலை நடுவில் பிரித்துச் செய்தவை, 100 வோல்ட் பக்கமும் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். 100தானே என்று தொட்டால் அடிக்கும்.

என்றைக்காவது யாராவது ஒருவர் மறந்து நேராகச் சுவரில் செருகிவிடுவார். சூடேற்றும் காயிலின் கணக்கு இது: 100 வோல்ட்டில் 600 வாட் இழுக்கும் காயிலுக்கு 230 கொடுத்தால் 3,000 வாட்டைத் தாண்டும். வோல்ட் இரண்டேகால் மடங்குதான், சூடு ஐந்து மடங்கு. ஆகவே ஜப்பான் குக்கர் காயிலைக் கழற்றி நம் ஊர்க் குக்கரில் போடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஆனால் இப்படி ‘எரிந்துபோன’ ஜப்பான் சாமான்களில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. பல மெஷின்களின் வாசலிலேயே ஃபியூஸும், அதற்குப் பின்னால் பொத்தான் போல ஒரு வேரிஸ்டரும் காவலுக்கு நிற்கும். 230 வோல்ட்டின் உச்சம் 325 வரை போகும். அதைத் தாங்காத வேரிஸ்டர் தன்னைக் குறுக்காக்கிக்கொண்டு சாகும், அந்த இழுப்பில் ஃபியூஸ் அறுந்துவிடும், பின்னால் உள்ள போர்டு தப்பிவிடும். கருகிப் பிளந்த ஒரு பொத்தானையும் ஒரு ஃபியூஸையும் மாற்றினால் எழுந்து உட்காரும் மெஷின்களைக் குப்பை விலைக்கு விற்கிறார்கள். இது எனக்குத் தெரிந்து இந்தச் சந்தையிலேயே நல்ல லாபம். போர்டில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்து அதன் முதல் காயிலும் அறுந்திருந்தால் மட்டும் வேலை கொஞ்சம் கூடும்.

வோல்ட்டோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை சுற்று அடிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். ஜப்பானுக்குள்ளேயே கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. டோக்கியோக்காரர்கள் 1890களில் ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாக்காக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கிய வினை இன்றுவரை தொடர்கிறது. பர்மாவில் 50. ‘60 மட்டும்’ என்று எழுதிய மைக்ரோவேவை டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே ஓட்டினாலும் அதன் உள் டிரான்ஸ்ஃபார்மர் அளவுக்கு மீறிச் சூடாகும். 60க்குச் செய்த, மின்மோட்டாரால் சுழலும் டைமர் இங்கே ஒரு மணி நேரத்தை 72 நிமிடமாக ஓட்டும். பெட்டியின் பின்னால் உள்ள தகட்டை டார்ச் அடித்துப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மைக்ரோவேவ் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அதற்குள் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதன் கெபாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு நிற்கலாம். அனுபவசாலிகளே செத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டு, உருளை வளையம் ஆகியவற்றை வெளியே எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் வாயுக் குழாயும் வீட்டு வேலை அல்ல. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ வாயு அடுப்பு எரிவாயு போலவே தீப்பிடிக்கும், அதற்கு முந்தைய வாயுவான ஆர்-134ஏ ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் அதற்குப் பொருந்தாது.

பேட்டரி விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. இன்வெர்ட்டருக்குப் பழைய லேப்டாப் செல், மின் சைக்கிள் செல் என்று சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். வரிசையில் ஒரே ஒரு செல் நோஞ்சானாக இருந்தால் அதுதான் முதலில் காலியாகி, மற்றவை அதை இழுத்துக்கொண்டு போகும். லேப்டாப் செல் நிறையும் அளவு 4.2 வோல்ட், இன்வெர்ட்டருக்கு இப்போது பிரபலமாக இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 3.65. 4.2க்கான சார்ஜரை 3.65 செல்லில் போட்டால் அளவுக்கு மீறி ஏறும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மோட்டார் போனால் தண்ணீர்தான் வராது. இது போனால் மர மாடியும் மரப்படியும் உள்ள கட்டடத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மற்ற எல்லாப் பழைய பாகத்துக்கும் வக்காலத்து வாங்குகிற நான் இதற்கு வாங்கமாட்டேன்.

வெப்ப ஃபியூஸைக் கம்பி வைத்துக் குறுக்கே கட்டுவதும் இதே வகைதான். குக்கர் அடியில் குழல் போல உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பொருளில் எத்தனை டிகிரியில் அறும் என்று எழுதியிருக்கும், அதே எண்ணில் இன்னொன்று போட வேண்டும். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும். கிளிப்பை நசுக்கி இணைப்பதுதான் முறை.

இந்த ஊருக்கே உரிய ஆபத்து வேறொன்று. கரண்ட் இல்லாத நேரத்தில்தான் பலரும் மெஷினைத் திறக்கிறார்கள். சும்மா இருக்கும் நேரம், வெளிச்சமும் இருக்கும், கரண்ட்தான் இல்லையே என்ற தைரியம் வேறு. பிளக் சுவரிலேயே இருக்கும். வேலை நடுவில் கரண்ட் வந்துவிடும். வராவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்த வழியாகவும் லைனில் உயிர் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் திருகாணியைத் தொட வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் கம்பியே இருக்காது. கழற்றி மாட்டிய மோட்டாரின் காயில் உடம்போடு உரசுகிறதா என்று சாதா மல்டிமீட்டர் முழுசாகச் சொல்லாது, இன்சுலேஷன் அளக்கும் ‘மெகர்’ கருவி வைத்திருக்கும் மின்வேலைக்காரரிடம் ஒருதடவை காட்டுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு சுவிட்ச் ஒன்றை மோட்டார் லைனில் போடுங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும்; ஈரக் கையோடு தொட்டவர் வழியாகக் கசியத் தொடங்கிய கணமே அறுத்துவிடும். பாகத்தில் மிச்சம் பிடித்த காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

பாகம் எடுத்து முடித்த கூட்டை என்ன செய்வது? ரங்கூன் வீடுகளில் நீளம் உண்டு, அகலம் கிடையாது. செத்த மெஷினுக்கு இடம் ஒதுக்க முடியாது. கழற்றிய அன்றே ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டு ஒட்டி, எந்த மெஷின், எதனால் போனது, அளந்தபோது எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்தால் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும். மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போடும்போது மோட்டாரை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போங்கள். காயில் கம்பியைக் கத்தியால் ஓரிடத்தில் சுரண்டினால் உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக இருந்தால் செம்பு நிறம் பூசிய அலுமினியம். இரண்டுக்கும் விலை வெகு தூரம், சுரண்டிக் காட்டாதவரை கடைக்காரர் இரண்டையும் அலுமினியக் கணக்கில்தான் எடுப்பார்.